இடப்பக்கம் ஆடு

"லெஃப்ட்ல மாடு" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டியின் வேகம் குறைந்தது. அதற்கு முன்னால் குறையவில்லை. மங்கையர்க்கரசி அதை மனசுக்குள் திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். மாடு சாலையின் இடது ஓரத்தில், எருக்கம்புதருக்குப் பக்கத்தில் நின்றது. ஒளிந்தெல்லாம் நிற்கவில்லை. வெள்ளை மாடு, பெரிய கொம்பு. தார்ச்சாலையில் ஒரு காலை எடுத்து வைத்தது, அப்புறம் இன்னொரு காலை. சொல்லலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று அவள் யோசித்த நேரம் எவ்வளவு இருக்கும், ஒரு மூச்சு, மிஞ்சினால் ஒன்றரை மூச்சு. அந்த ஒன்றரை மூச்சில் கோட்டைச்சாமியின் கால் அசையவில்லை. கை ஸ்டியரிங்கில் தளர்வாகக் கிடந்தது. முகத்தில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலைக்குக் காத்திருப்பவரின் நிம்மதி. அப்புறம் அவள் சொன்னாள். "லெஃப்ட்ல மாடு, ஸ்லோ" என்று அவரும் சொல்லி பிரேக்கை மிதித்தார். பின்னால் அடுப்பு மேடையிலிருந்து குக்கர் மூடி விழுந்து தரையில் உருண்டது. மாடு நிதானமாக வண்டியின் முன்னால் வந்து நின்று இவர்களைப் பார்த்தது. "திமிரப் பாரு, மகாராணி கணக்கா" என்று சிரித்தார். நேர் முன்னால் வந்த பிறகு சொன்னது அது. நேராக இருந்தால் தெரிகிறது. அவள் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

சத்தமாகச் சொல்வது அவருடைய தொழில் வழக்கம். முப்பத்துநான்கு வருடம் மதுரையிலிருந்து ரயில் ஓட்டியவர். எஞ்சினுக்குள் இரண்டு பேர் இருப்பார்கள், டிரைவரும் அசிஸ்டெண்டும். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தன் கண்ணாலும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் வெட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் தூக்கத்தில் திடீரென்று "ஹோம், கிரீன்" என்பார். இவள் பதறி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இவர் வீட்டு ஞாபகத்தில் எதையோ சொல்கிறார் என்று நினைத்தாள். ரயில் நிலையத்துக்குள் நுழையும் இடத்துச் சிக்னலுக்கு ஹோம் என்று பெயர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பதில் வராவிட்டால் இரண்டாம் தடவையும் சொல்வார், மூன்றாம் தடவை குரல் உயரும். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டே இவளும் "ஹோம், கிரீன்" என்று சொல்லிப் பார்த்தாள். உடனே அவர் மூச்சு சீராகிவிட்டது. அதிலிருந்து எத்தனையோ வருடம் பாதித் தூக்கத்தில் பச்சை விளக்குக் காட்டி அவரைத் தூங்கவைத்திருக்கிறாள். அதனால் இந்தப் பயணத்தின் முதல் நாள், வாடிப்பட்டி தாண்டும்போது, அவர் "ஸ்பீடு பிரேக்கர்" என்று சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தபோது ஆச்சரியமாக இல்லை. "திருப்பிச் சொல்லு அரசி. நீதான் இப்ப அசிஸ்டெண்ட்." "எனக்கு எவ்வளவு சம்பளம்?" "மூணு வேளை சோறு." "அதையும் நான்தான ஆக்கணும்?" அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சொன்னார், இவள் திருப்பிச் சொன்னாள். லாரி வருது. லாரி வருது. பாலம் குறுகல். பாலம் குறுகல். அப்போது அவர் முதலில், இவள் அடுத்தது. இப்போது இவள் முதலில், அவர் அடுத்தது. எந்த இடத்தில் மாறியது?

கிருஷ்ணகிரியில் மாறவில்லை. அது நிச்சயம். கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஆள் தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு குறுக்கே போனான், அவர்தான் "மெத்தைக்குக் கால் முளைச்சு வருது" என்றார், இவள் சிரிப்பில் திருப்பிச் சொல்ல மறந்து திட்டு வாங்கினாள். ஹூப்ளியில்? ஹூப்ளியில் மழை. மழையில் இரண்டு பேரும்தான் சொன்னார்கள், ஒரே நேரத்தில், கூட்டுப் பிரார்த்தனை மாதிரி. கோலாப்பூருக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக வந்தன. அதை யார் சொன்னது? இவள்தான் என்று தோன்றியது. டிராக்டர்கள் எந்தப் பக்கம்? இடப்பக்கம். சாலையை விட்டு இறங்கி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அன்றைக்கு அவர் திருப்பிச் சொல்லும்போது கூடவே ஒன்றைச் சேர்த்தும் சொன்னார், கடைசி டிராக்டரில் விளக்கு இல்லை என்று. அப்படியென்றால் பார்த்திருக்கிறார். அல்லது, தாண்டும்போது நேர் முன்னால் வந்ததால் பார்த்திருக்கிறார். புனேயில் பொற்கொடி வீட்டுக்குப் போனபோது அடுக்ககத்தின் கேட்டில் இடது கண்ணாடி இடித்து நொறுங்கியது. வாட்ச்மேன் ஓடி வந்தான். "கேட்டா இது, எலிப்பொறி" என்று அவர் கத்தினார். பொற்கொடி மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். வலப்பக்கம் ஒரு ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு இடம் கிடந்தது. மகள் அதைப் பார்த்ததை இவள் பார்த்தாள். கண்ணாடி மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அதற்கு அப்புறம் இவள் தானாகவே சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும், யாரும் கேட்காமல், பாத்திரம் சரிகிறது என்றால் கை நீளுமே அதுபோல. அப்படியானால் புனேயிலிருந்து. ஆனால் கரும்பு டிராக்டர் புனேக்கு முன்னால். கோலாப்பூர் முன்னால், புனே அப்புறம். திரும்பவும் அங்கேயே வந்து முட்டியது.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜனவரி வெயிலுக்குச் சூடு இல்லை, வெளிச்சம் மட்டும்தான். ஃபலோடி தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இன்றைக்குப் பொக்ரான், நாளைக்கு ஜெய்சல்மேர். கோட்டைச்சாமி நாற்பத்தைந்துக்கு மேல் போவதில்லை. "எவன் பிளாட்பாரத்துல காத்துக்கிட்டு இருக்கான்" என்பார். இரண்டு பக்கமும் பழுப்பு மணல். அதில் கிளை கழித்த மரங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு பேச்சு வார்த்தை இல்லாத தூரத்தில். கற்பலகைகளை நட்டு வைத்த வேலி. கூம்புக் கூரை போட்ட வட்டக் குடிசை, அதன் பின்னால் ஒன்றும் இல்லை, அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை. எருக்கு இருந்தது. வேலிக்காத்தானும் இருந்தது. முதல் தடவை அதைப் பார்த்தபோது "இது நம்ம மானாமதுரை ரோடுதான, எதுக்கு இவ்வளவு டீசல்" என்று அவரைச் சீண்டினாள். ஆனால் மானாமதுரையில் இவ்வளவு தூரம் பார்க்க முடியாது. அங்கே பார்வை போய் எதிலாவது இடித்துக்கொள்ளும், ஒரு சுவர், ஒரு பனை, ஒரு போஸ்டர். ரிட்டயராவதற்கு முந்தின வருடம், எங்கே போகலாம் சொல்லு என்று அவர் கேட்டார். ஒண்ணுமே இல்லாத இடத்துக்குப் போகலாம் என்று சும்மா சொன்னாள். ரயில்வே காலனியில் முப்பது வருடம் இருந்தவளுக்கு அதுதான் வாயில் வந்தது. அவர் அதை எழுதி வைத்த மாதிரி ஞாபகத்தில் வைத்திருந்தார். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறையில் போட்டு, இரண்டு படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் வைத்தார். படுக்கையின் உயரம்கூட ரயில் பெர்த் உயரம். அதற்கு இவள்தான் திரைச்சீலை தைத்தாள். ஒண்ணுமே இல்லாத இடம். இப்போது தோன்றியது, ஒன்றுமே இல்லாத இடத்தில் இடித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. இல்லை, அப்படி நினைத்துக் கிளம்பியிருக்க மாட்டார். அவர் அப்படி நினைப்பவர் இல்லை. அப்படி நினைப்பவர் இல்லை என்று முப்பத்தெட்டு வருடமாக இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதானே.

காலையில் டீக்கடைக்காரன் கண்ணாடி கிளாஸை பெஞ்சில் அவருடைய இடப்பக்கம் வைத்தான். வைத்த சத்தம் இவளுக்கே கேட்டது. அவர் வலப்பக்கம் தடவினார், நேரே பார்த்தார், "என்னப்பா, எனக்கு இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு திரும்பியபோது முழங்கை பட்டு கிளாஸ் கீழே விழுந்தது. டீக்கடைக்காரன் "கோயீ பாத் நஹீ, பாபுஜி" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி சிரித்துவிட்டு வேறு டீ கொண்டு வந்தான். இந்தத் தடவை கையிலேயே கொடுத்தான். இவளைப் பார்த்து அவன் சொல்லாமல் ஒன்றைச் சொன்னான். அவனுக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இவள் அதற்கு முன்னால் எத்தனை நாள் ஆரஞ்சுச் சுளையை உரித்து அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் நீட்டி, நீட்டிய கை வலிக்கக் காத்திருந்து, "இந்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். ரோட்டில் கவனமாக இருக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் நேற்று சாயங்காலம்? நேற்று சாயங்காலம் சாலைக்குச் சமமாகத் தண்டவாளம் ஓடியது. அவர் கண்ணைச் சுருக்காமல், "அந்தா பாரு அரசி, சிக்னல் விழுந்திருக்கு, மஞ்சள்" என்றார். இவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் கம்பமே தெரிந்தது. மஞ்சள்தான். அந்தக் கண்ணுக்கு என்ன குறை. சர்வீஸ் முழுக்க, மருத்துவச் சோதனைக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் வாசலிலிருந்தே "ஏ ஒன்" என்று கத்திக்கொண்டு வருவார், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. தூரத்தில் ஊசியைப் பார்க்கிறார், பக்கத்தில் கிளாஸ் தெரியவில்லை. அப்படி ஒரு கண் உண்டா? உண்டு. எதிர்வீட்டு மைக்கேல் சார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தார். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும்மா என்பார். குழாய் நாளுக்கு நாள் ஒல்லியாகும்.

சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது? "உங்களுக்குக் கண்ணு தெரியலையா" என்று கேட்கலாம். மற்ற ஆம்பிளைகளிடம் கேட்கலாம். முப்பத்துநான்கு வருடம் தூரத்து விளக்கைப் பார்த்துப் பார்த்து ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்த ஆளிடம் அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது? சொன்னால் இந்தச் சாலை முடிந்துவிடும். பொற்கொடிக்குப் போன், அவள் புருஷன் விமானத்தில் வருவான், வண்டி லாரியில் ஏறும், இவர் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வருவார். சொல்லாவிட்டால்? அரசி இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். டிரங்க் காலை இணைத்துவிட்டு லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி கேட்பார்கள். அந்த ஒரு நொடியில் சாவு காதில் விழும், கல்யாணம் நின்றுபோனது காதில் விழும். கேட்டது கேட்காத மாதிரி ஹெட்போனில் அடுத்த ஆளிடம் "சொல்லுங்க" என்க வேண்டும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. தன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை என்று ரிட்டயர்மெண்ட் கூட்டத்திலேயே சொன்னார்கள். பொற்கொடி வேறொருவனைக் காதலித்தது, அவனே வேண்டாம் என்று போனது, எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் இந்தச் சாலையில் குழந்தைகள் நடக்கிறார்கள். இடப்பக்கமாக, புத்தகப்பையை மாட்டிக்கொண்டு, இரண்டு இரண்டு பேராக, ஒன்றையொன்று தள்ளி விளையாடிக்கொண்டு. நேற்று அப்படி ஒரு கூட்டத்தைத் தாண்டியபோது இவள் மூன்று தடவை சொன்னாள். பிள்ளைகள், லெஃப்ட்ல பிள்ளைகள், பிள்ளைகள். அவரும் மூன்று தடவை சொன்னார்.

ஒரு நாள், பொற்கொடி இரண்டாவது படிக்கும்போது, அவர் ராமேஸ்வரம் வண்டியை விட்டுவிட்டு வந்து கொல்லைக் குழாயடியில் வெகுநேரம் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். தூசியா என்றாள். மானாமதுரைக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தில் ஒரு பெண் நின்றாள் என்றார். பச்சைப் புடவை. ஹாரன் அடித்தேன், பிரேக் போட்டேன், வண்டி நிற்க அறுநூறு மீட்டர் வேண்டும், அவள் நின்றது முந்நூறில். "பாத்துக்கிட்டே போகணும் அரசி. அதுதான். கண்ணை மூடக்கூடாது, டூட்டி." அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. பச்சைப் புடவை எதையும் இவள் கட்டவில்லை. இந்த வண்டியில் அப்படி ஒன்று நடந்தால் பார்த்துக்கொண்டே போகிறவள் இவளாகத்தான் இருப்பாள். அவருக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்கும். என்ன சத்தம் என்று இவளைக் கேட்பார். இவள் என்ன சொல்வாள். கடலைப் பொட்டலம் கையில் கசங்கி எண்ணெய் விட்டிருந்தது. முந்தானையில் துடைத்தாள்.

ஒருவேளை எல்லாமே இவளுடைய கற்பனையாக இருந்தால்? மாடு விஷயத்தில் அவர் இவள் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கலாம். அதுவும் பழக்கம்தானே. அவர் பார்த்திருக்கலாம், மாடு நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கலாம், முப்பத்துநான்கு வருடக் கணக்கு. நிச்சயம் பண்ணிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சொல்லாமல் இருந்து பார்ப்பது. சீ, உயிரோடு விளையாடுவதா. அப்படியானால் இல்லாததைச் சொல்லிப் பார்ப்பது. அது தோன்றியதுமே அவளுக்குக் காது சுட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் அவரிடம் எத்தனையோ மறைத்திருக்கிறாள், இல்லாததைச் சொன்னதில்லை. பின்னால் ஏதும் வருகிறதா என்று எட்டி இடது கண்ணாடியில் பார்த்தாள், புனேயில் மாற்றிய புதுக் கண்ணாடி. யாரும் இல்லை. முன்னால் சாலை ஒரே நேராக, கொஞ்சம் மணல் குறுக்கே நாக்கு நீட்டிக் கிடக்க, ஆகாயம் வரைக்கும் காலியாக இருந்தது. இடப்பக்கம் எருக்கு, கற்பலகை வேலி, எருக்கு. "லெஃப்ட்ல ஆடு" என்றாள்.

"லெஃப்ட்ல ஆடு, ஸ்லோ" என்றார் கோட்டைச்சாமி. கால் உடனே பிரேக்குக்குப் போனது. வண்டி தணிந்து, கியர் மாறி, கிட்டத்தட்ட நின்றுவிட்டது. எஞ்சின் தடதடத்தது. குக்கர் மூடி பின்னாலிருந்து முன்னால் உருண்டு வந்து அவள் சீட்டில் முட்டிப் படுத்தது. காற்றில் எருக்கம்பூ ஆடியது. அவர் தலையைத் திருப்பவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. ஆடு கடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். அப்புறம், "போயிருச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

போயிருச்சு. அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, எக்ஸ்சேஞ்சில் ஒரு நொடியில் தெரிவது மாதிரி. கண் தெரியவில்லை என்பது மட்டும் இல்லை, தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். இல்லாத ஆட்டைப் போகவிட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார். எப்போதிலிருந்து தெரியும்? சவரப் பெட்டிக்குள் ஒரு சின்ன மருந்து பாட்டில் இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் கண்ணில் ஒவ்வொரு சொட்டு விடுவார். மணல் தூசிக்கு என்றார். தூசியே இல்லாத ஹூப்ளி மழையிலும் விட்டார். அதற்கு முன்னால், கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்னால், பென்ஷன் விஷயமாகப் பேங்குக்குப் போகிறேன் என்று போனவர் மத்தியானம் கழித்து வந்தார். கண் கூசுகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். மறுநாளிலிருந்துதான் அவசரம். சித்திரையில் போகலாம், பொற்கொடிக்கு லீவு வரும் என்று இவள் சொன்னதற்கு, "இல்ல, இந்தக் குளிர்லயே போயிரணும்" என்றார். குளிர்தான் காரணம் என்று நினைத்தாள். ஒண்ணுமே இல்லாத இடத்தை இவளுக்குக் காட்டுவதற்காக என்று நினைத்தாள். குழாய் ஒல்லியாவதற்கு முன்னால் அவர் பார்த்துக்கொள்வதற்கும்தான். கோபம் வந்தது. முதலில் வந்தது கோபம்தான். நான் நாயாக் கத்திக்கிட்டு வர்றேன், இந்த மனுசன் என் கண்ணை இரவல் வாங்கி ஓட்டிக்கிட்டு வர்றார், ஒரு வார்த்தை இல்லை. அப்புறம், இவளும்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டும் கேட்காத இவள், பார்க்காமலும் பார்த்த அவர், நடுவில் மூவாயிரம் கிலோமீட்டர். தூரத்தில் சாலையின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ அசைந்தது. பெண்கள். தலையில் குடம் இருக்கலாம், இடுப்பில் குழந்தை இருக்கலாம். இன்னும் நிறையத் தூரம் இருந்தது. சொன்னால் ஸ்லோ பண்ணுவார். தாண்டிப் போகலாம். பொக்ரான் வரைக்கும், ஜெய்சல்மேர் வரைக்கும், மதுரை வரைக்கும்கூட இப்படியே தாண்டித் தாண்டிப் போய்விடலாம், இவள் ஒரு மூச்சு பிந்தாத வரைக்கும்.

"ரெட்" என்றாள்.

அந்தச் சொல்லை இந்தப் பயணத்தில் யாரும் சொன்னதில்லை. நகரத்துச் சிக்னல்களில்கூட அவர் "நிப்பாட்டு" என்றுதான் சொல்வார். ரெட் என்பது வேறு. கோட்டைச்சாமி நேரே பார்த்தார். முன்னால் விளக்கும் இல்லை, கம்பமும் இல்லை, மணலும் ஆகாயமும்தான். "ரெட்" என்றார் மெதுவாக. வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தினார். காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்திருந்தார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலடியில் பழைய தழும்பு.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எந்த டாக்டரு?"

"பேங்குல இருந்தாரே, அந்த டாக்டரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்க நேரமானது. "கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டே வருமாம். இடப்பக்கம் சாஸ்தி போயிருச்சு. சொட்டு மருந்து விட்டா இருக்குறது நிக்கும், போனது போனதுதான்." ஊர்ச் செய்தி சொல்வது மாதிரி சொன்னார். "வண்டி ஓட்டலாமான்னு கேட்டேன். நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். அப்ப உங்களுக்கே தெரியுமேன்னாரு."

"தெரிஞ்சு எப்படி ஓட்டுனீங்க? ரயிலா இருந்தா இப்படி ஏறி உக்காந்திருப்பீங்களா?"

"மாட்டேன்." கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கிளம்புறப்ப இவ்வளவு இல்ல அரசி. கொஞ்சம் கொஞ்சமாத்தான். நீ சொல்ல ஆரம்பிச்சே. சரி, இன்னைக்கு ஒரு நா, இன்னைக்கு ஒரு நான்னு." வேட்டி மடிப்பை நீவிவிட்டு, "தப்புதான்" என்றார்.

"ஆடு போயிருச்சுன்னீங்களே. ஆடே இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"நீ ஆட்டைப் பாத்தா வெறும் ஆடும்பியா? ‘ஐயோ குட்டி, அது காதைப் பாருங்க’ன்னு பாதி ரோடு ஊளையிடுவ. வரிக்கு வரி வாசிக்கிற மாதிரி ஆடுன்ன. அப்பவே தெரியும், நீ பரீட்சை வைக்கிறன்னு."

"பிறகு எதுக்கு நிப்பாட்டினீங்க?"

"சந்தேகம்னா நிப்பாட்டணும். ரூல் அது. சொன்னது பொய்யோ மெய்யோ, அசிஸ்டெண்ட் சொன்னா நிக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு அப்புறம் நான் சொன்னதுதான் பொய்."

செம்மஞ்சள் பெண்கள் நெருங்கி வந்தார்கள். மூன்று பேர். தலையில் விறகுக் கட்டு. ஒருத்தி பின்னால் ஒரு சின்னப் பெண் செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். வண்டியின் இடப்பக்கமாக, அரசியின் ஜன்னலை ஒட்டிப் போனார்கள். அந்தப் பெண் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள், அரசி கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டு ஓடினாள். கோட்டைச்சாமி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கொலுசுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "எத்தனை பேரு?" என்று கேட்டார். "நாலு" என்றாள். அவர் "நாலு" என்றார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அவருக்குத் தெரியாத பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் துடைக்காமல் விட்டாள்.

"ரெட் போட்டுட்ட. கிரீன் யாரு போடுறது?" என்று கேட்டார். "இங்கயே குடித்தனம் பண்ணலாம்னாலும் தண்ணித் தொட்டியில கால்வாசிதான் இருக்கு." அவளிடம் லைசென்ஸ் இருந்தது. ஐம்பத்தொன்பதாவது வயதில், பொற்கொடியின் பிடுங்கலுக்காக எட்டுப் போட்டு வாங்கியது. பயிற்சி கொடுத்தவன் கடைசி நாள், "பிரேக்கை மட்டும் மறந்துராதீங்கம்மா" என்று கும்பிட்டு அனுப்பினான். இந்த வண்டியை ரயில்வே மைதானத்தில் இரண்டு தடவை உருட்டியிருக்கிறாள், அதற்கே உள்ளங்கை நனைந்தது. பஸ்ஸில் போகலாம், வண்டியை இங்கேயே விட்டுவிடலாம் என்று தோன்றியது. பொக்ரானுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். ஆகாயம் வரைக்கும் சாலை காலி. இடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "இறங்குங்க" என்றாள்.

வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வரும்போது இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள், அவர் இவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார், முழங்கை முட்டியது. அவர் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, வேட்டியை ஒதுக்கினார். "எஞ்சின்ல டிரைவர் சீட்டு இந்தப் பக்கம்தான், தெரியுமா? முப்பத்துநாலு வருசம் இங்கதான் உக்காந்தேன்." "வாயை மூடிக்கிட்டு வாங்க, எனக்குக் கியர் மறந்துரும்." முதல் தடவை வண்டி குதித்து நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பதற்கு அவர் படும் பாடு மூச்சில் தெரிந்தது. மூன்றாம் தடவை நகர்ந்தது. இருபது, இருபத்தைந்து. ஸ்டியரிங் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் இத்தனை நாளில் சொன்னதே இல்லை. "நேரே, ரொம்பத் தூரத்துல லாரி" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிச் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். காத்திருந்தாள். புள்ளியாக வந்தது. "லாரி" என்றாள். லாரி பெரிதாகி, வண்ண வண்ணக் குஞ்சங்களோடு, அவளைக் காற்றில் ஒரு அசைப்பு அசைத்துவிட்டுப் போனது. கண்ணை மூடவில்லை. மூடவில்லை என்று அப்புறம்தான் கவனித்தாள். உள்ளங்கை நனைந்துதான் இருந்தது. முப்பது.

முப்பதிலேயே கொஞ்ச தூரம் வந்தார்கள். பிறகு அவர் ஜன்னல் பக்கம் முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "லெஃப்ட்ல ஆடு" என்றார். "ஐயோ குட்டி, அது காதைப் பாரு."

அவள் பார்த்தாள். எருக்கு, கற்பலகை வேலி, எருக்கு. மணல்.

"லெஃப்ட்ல ஆடு, ஸ்லோ" என்று சொல்லி அரசி பிரேக்கை மிதித்தாள்.